ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்க வந்த மசோதா

கொழும்பில் ஒரு மசோதா கொண்டுவரப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்துவிட்டால் போதும், எங்கள் வீட்டுக் குசினியில் உலை கொதிக்க முன்பே அப்பா கொதித்துவிடுவார். நெற்காணி மசோதா, பஸ் வண்டிகளை அரசாங்கம் எடுக்கிற மசோதா, பதினெட்டு வயதில் வாக்குரிமை தருகிற மசோதா, எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான். எங்களுக்கு வயலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பாலையூற்றில் ஒரு சின்ன வீடும் வளவில் இரண்டு முருங்கையும்தான் எங்கள் ஆஸ்தி. ஆனால் நாட்டின் எந்த மூலைக்கு எந்தச் சட்டம் வரப்பார்த்தாலும், அது தன்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று அப்பா மனதார நம்பினார்.

சட்டமாகிவிட்ட பிறகு அவருக்கு அதில் அக்கறை போய்விடும். "சட்டம் எண்டால் காஞ்ச சீமெந்து. மசோதா எண்டால் ஈரச் சீமெந்து. காயமுன்னம் கால் வைச்சாத்தான் அடையாளம் விழும்," என்பார். கடற்படைத் தளத்துப் பண்டகசாலையில் வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்தவர். தளம் கைமாறியபோது இளைப்பாறி வந்து, மிச்சமிருந்த தெம்பு முழுவதையும் இந்த ஈரச் சீமெந்தில்தான் செலவழித்தார்.

ஒருமுறை கொழும்புக்குப் போய்ப் பாராளுமன்றத்தில் பார்வையாளர் கலரியில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தார். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள் முகத்தில்கூட அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. அடுத்த ஞாயிறே, காலைப் பூசை முடிந்த கையோடு, கோயில் வளவுப் பாலை மரத்துக்குக் கீழே ஒரு கைக்கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் எதிரும் புதிருமாக இரண்டு வாங்குகள். சபை தொடங்கிவிட்டது.

யார் வந்து வாங்கில் இருந்தாலும் அவர் உறுப்பினர். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள், மீன்பிடிகாரர், பேக்கரி முதலாளி, கோயில் மணி அடிப்பவர், இவர்களோடு கிண்ணியாவிலிருந்து அந்தப் பேக்கரிக்கு விறகு கொண்டுவருகிற ஒரு முஸ்லிம் நானாவும் இருந்தார். வேதம் பார்த்து ஆளைச் சேர்ப்பதில்லை. கொழும்பில் என்ன நடைமுறையோ அதேதான் இங்கும். முதலாம் வாசிப்பில் மசோதாவின் தலைப்பை மட்டும் சொல்வார்கள். இரண்டாம் வாசிப்பில் விவாதம். மூன்றாம் வாசிப்பில் கை தூக்கி வாக்கு. ஞாயிற்றுக்கு ஒரு வாசிப்பு. அப்பா சபாநாயகர். மூக்குக்கண்ணாடிக் கூட்டால் கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டினால் எல்லா வாயும் மூடும். பாலைப்பழக் காலத்தில் விவாதத்துக்கு நடுவே பழம் தலையில் விழுந்து பால் ஒட்டும். யாரும் அசைய மாட்டார்கள்.

அந்தச் சபைக்கு ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மசோதாவையும் ஒருவர் அமைச்சராக நின்று கொண்டுவர வேண்டும். வாங்கில் இருக்கிற வரிசைப்படி அந்த முறை சுற்றி வரும். முறை வந்தவர் தனக்குப் பிடிக்காத மசோதா என்றாலும் தட்டிக் கழிக்க ஏலாது. தான் பெற்ற பிள்ளைக்காகப் பேசுவதுபோல அதற்காகப் பேச வேண்டும். கடைசி வாக்கெடுப்பில் மட்டும் தன் மனம்போலச் செய்யலாம். கோயில் நடத்துகிற பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுக்கிற மசோதா வந்தபோது முறை வந்தது மணி அடிப்பவருக்கு. மனிதர் கண்ணீர் வடிய வடிய அதை ஆதரித்துப் பேசினார். கடைசியில் தன் மசோதாவுக்குத் தானே எதிராகக் கை தூக்கினார். சபை எழுந்து நின்று கைதட்டியது. கொழும்பில் அது நிறைவேறிவிட்டது. அப்பா ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பெண்களுக்கு அந்த வாங்கில் இடமில்லை. கோயிலின் பக்கப் படிக்கட்டுத்தான் எங்களுக்குக் கலரி. கலரியில் இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது பாராளுமன்ற முறையாம். நாட்டையே ஒரு பெண் பிரதமராக இருந்து ஆண்ட காலத்திலும் எங்கள் பாலை மரத்தடிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. நான் ஒருநாள் இதை வீட்டில் சொல்லிக் காட்டினேன். "அவ வாக்கெடுத்து வந்தவ, பிள்ளை," என்றார் அப்பா. உங்களுக்கு யார் வாக்குப் போட்டது என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அம்மா கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

அப்படியிருந்தும் அந்தப் படிக்கட்டைப்போல எனக்குச் சந்தோசம் தந்த இடம் வேறு இல்லை. கிழமை முழுதும் ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்து வேலை. யாரோ எழுதியதை யாருக்கோ தட்டிக் கொடுப்பதுதான் தொழில். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியில் இருக்கும்போது மட்டும், நாடு என்னவாகப் போகிறது என்பது எனக்குப் பத்தடி தூரத்தில் முடிவாகிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். நெஞ்சு படபடக்கும். யாராவது ஒரு நல்ல நியாயத்தை விட்டுவிட்டால் எழுந்து கத்த வேண்டும்போல வரும். சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு இருப்பேன்.

இந்தப் படபடப்புக்கு அறுபத்தைந்தாம் ஆண்டில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. புதுப்பாட்டுகள் வந்தன. பாடுகிறவர்களுக்குப் புத்தகம் காணாது. இரண்டு பேருக்கு ஒரு புத்தகம் என்று பங்குச் சுவாமி பிரித்துக் கொடுத்தார். என் பங்குக்கு வந்தவர் அன்புவழிபுரத்திலிருந்து வருகிற ஒரு மாஸ்டர். புத்தகத் தட்டுப்பாட்டுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

மாஸ்டர் மூதூரில் படிப்பித்தார். சனிக்கிழமை பின்னேரம் லோஞ்சில் குடாவைக் கடந்து வருவார். ஞாயிறு பின்னேரம் அதே லோஞ்சில் திரும்புவார். இடையில் சனி இரவு பாட்டுப் பயிற்சியும் ஞாயிறு பூசையும் மட்டும்தான் எங்களுக்கு. பூசை முடிந்ததும் அவர் மரத்தடி வாங்குக்குப் போவார். நான் படிக்கட்டுக்குப் போவேன். அவர் நன்றாகக் கதைப்பார். கையை ஆட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஆனால் அவர் எழுந்தால் பேக்கரி முதலாளிகூடக் கொட்டாவியை அடக்கிக்கொள்வார். கிழமைக்கு ஆறு நாள் நான் ஞாயிற்றுக்காகவே இருந்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

ஒருநாள் அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோசம். எங்களைப்போல வேதக்காரப் பொடியன், அரசாங்க உத்தியோகம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சபையில் ஒழுங்காக எழுந்து நின்று கதைக்கத் தெரிந்தவன். ஆனாலும் உடனே ஓம் சொல்லிவிட்டால் பெண் வீட்டுக்கு மரியாதை இல்லையே. ஒரு கிழமை பொறுங்கள், சொல்லி அனுப்புகிறேன் என்றார். அந்த ஒரு கிழமைக்குள்தான் வந்து விழுந்தது அந்த மசோதா.

ஞாயிற்றுக்கிழமை இனி ஓய்வு நாள் இல்லை. பௌத்தர்களின் போயா தினங்கள்தான் ஓய்வு நாள், அதற்கு முதல் நாள் அரை நாள் ஓய்வு. மாதத்துக்கு நாலு போயா, சந்திரன் வளர்கிற தேய்கிற கணக்கில். சந்திரனுக்குக் கிழமை தெரியாதே. ஆகவே இந்தமுறை செவ்வாய் லீவு என்றால் அடுத்தமுறை புதன் லீவாக இருக்கும், பிறகு வியாழனுக்குத் தாவும். பத்திரிகையை வாசித்துவிட்டு அப்பா கதிரையை விட்டு எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். பாலையூற்று முழுக்க ஒரே கதைதான். ஞாயிறு பூசைக்கு எப்படிப் போவது, கலியாணத்தை எந்தக் கிழமையில் வைப்பது, ஞாயிறு மத்தியானத்து இறைச்சிக்கறி இனிப் போயாவுக்கா. குழாயடியில் இரண்டு பெண்கள் இதற்காகச் சண்டைகூடப் பிடித்தார்கள். எனக்குத் தலையில் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது. ஞாயிறு வேலை நாளானால் மூதூரில் பள்ளிக்கூடம் நடக்கும். சனி பின்னேர லோஞ்சில் மாஸ்டர் வரமாட்டார்.

அந்த ஞாயிறு வாங்கில் இருக்க இடமில்லை. சபையைக் கூட்டிவிட்டு, இந்த மசோதாவுக்கு அமைச்சர் முறை யாருடையது என்று அப்பா வரிசையைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே அவர் கண் நின்றது. முறை மாஸ்டருக்கு. நான் படியில் இருந்து சிரித்துவிட்டேன். மணி அடிப்பவர் அழுதழுது கதைத்ததுபோல இவரும் சும்மா ஒப்புக்குக் கதைத்துவிட்டு, கடைசியில் எதிராகக் கை தூக்கப் போகிறார், அப்பா கைதட்டப் போகிறார், அதோடு என் காரியமும் ஒப்பேறும் என்று நினைத்தேன். அன்றைக்குத் தலைப்பு மட்டும் வாசித்தார்கள்.

இரண்டாம் வாசிப்பு ஞாயிறு மாஸ்டர் எழுந்தார். வழக்கம்போலக் கையை ஆட்டாமல் தொடங்கினார். ஞாயிறு ஆண்டவருடைய நாள், அதை எந்தப் பாராளுமன்றமும் மாற்ற ஏலாது என்றார். அப்பா தலையாட்டினார். ஆனால் அது லீவு நாளானது ஆண்டவரால் இல்லை, வெள்ளைக்காரனால் என்றார். அப்பாவின் தலை நின்றுவிட்டது. மாஸ்டர் வாங்கின் கரையில் இருந்த கிண்ணியா நானாவைப் பார்த்துத் திரும்பினார்.

"நானா வெள்ளிக்கிழமையிலயும் விறகு வண்டிலோடதான் வாறார். தொழுகை நேரம் வண்டிலைப் பேக்கரி வாசல்ல விட்டிட்டு ஓடிப்போய்த் தொழுதிட்டு ஓடி வாறார். இத்தனை வருசத்தில நாங்கள் ஆராவது அவரிட்ட, உங்கட நாளுக்கு லீவு வேண்டாமோ எண்டு கேட்டனாங்களோ?"

எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். நானா கூச்சத்தோடு தொப்பியைச் சரிசெய்தார். "கேக்கல்லதான்," என்றார். "நாங்களும் கேப்பீங்க எண்டு பாத்துக்கொண்டு இரிக்கல்ல."

படியில் எனக்கு இரண்டு மனம். என் ஞாயிறு போகப் போகிறது என்பது ஒரு பக்கம். அந்தக் கதையின் அழகு ஒரு பக்கம். பிறகு துறைமுகத்துக்காரர் ஒருவர் எழுந்து, எங்களுக்கு முறை வேலை, ஞாயிறும் ஒன்றுதான் திங்களும் ஒன்றுதான் என்றார். பேக்கரி முதலாளி எழுந்து, போயாவுக்கு முதல் நாள் பாண் போடுவதா விடுவதா என்று யாருக்கும் புரியாமல் கத்தினார். சபை இரண்டாகப் பிளந்தது. அப்பா தட்டத் தட்டச் சத்தம் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்ற முன்பே தீர்ப்புச் சொன்னார். அது வழக்கத்துக்காகக் கதைத்த கதையில்லை, அந்தப் பொடியனின் மனதில் உள்ளதுதான் வாயால் வந்தது, ஞாயிற்றுக்கிழமையை விற்கத் துணிந்தவனுக்குப் பெண் கொடுக்க ஏலாது என்றார். அம்மா, வழக்கத்தைக் கொண்டுவந்ததே நீங்கள்தானே என்று மெல்லக் கேட்டார். அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். சரி, மூன்றாம் வாசிப்புவரை பார்ப்போம். அதில் அவன் மசோதாவுக்குக் கை தூக்காவிட்டால் கலியாணம். தூக்கினால் அக்காவுக்கு இல்லையென்று சொல்லி அனுப்பிவிடுவேன். இப்படியாக என் கலியாணமும் அந்த மசோதாவோடு சேர்ந்து பாலை மரத்தடிக்கு வந்தது.

அந்தக் கிழமை கந்தோரில் நான் தட்டிய கடிதங்களில் எத்தனை பிழை என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். யார் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாஸ்டரை விட்டுவிட்டு எப்படி எண்ணினாலும் இரண்டு பக்கமும் சரிசமனாக வந்தது. சமனாக வந்தால் சபாநாயகர் வாக்குப் போடலாம். அப்பா போட்டால் மசோதா தோற்கும். ஆகவே மாஸ்டர் எதிராகக்கூடக் கை தூக்க வேண்டியதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். சும்மா இருப்பது அவ்வளவு பெரிய காரியமா?

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னதை எல்லாம் சொன்னேன். மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குக் கையை மடியில வைச்சிருங்கோ. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை," என்றேன். அவர் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பாப்பம் என்றார். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் அது ஓமும் இல்லை, இல்லையென்றும் இல்லை. ஆனாலும் நான் அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

மூன்றாம் வாசிப்பு. வானம் இருண்டு, மழை வரவா விடவா என்று நின்றது. படிக்கட்டில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அன்று வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் இருந்தார். எதிர்ப்பவர்களை முதலில் கை தூக்கச் சொன்னார் அப்பா. பேக்கரி முதலாளி இரண்டு கையையும் தூக்கி ஒன்றை இறக்க வேண்டியதாயிற்று. பிறகு ஆதரிப்பவர்கள். நானா, துறைமுகத்துக்காரர், மீன்பிடிகாரர் சிலர். அப்பா எண்ணினார். நானும் எண்ணினேன். சரிசமன். அப்பாவின் முகம் மலரத் தொடங்கியது. என் கை அம்மாவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

பிறகு வலது கை மேலே போனது. மெதுவாகப் போனது, ஆனால் முழுதாகப் போனது.

"கதைக்கத் தொடங்கேக்க வழக்கத்துக்குத்தான் கதைச்சனான், ஐயா," என்றார். "கதைச்சு முடியேக்க எனக்கே சரியெண்டு பட்டிட்டுது. இனி மறைக்க ஏலாது."

அப்பா எழுந்து நின்றார். மசோதா நிறைவேறியது என்று அறிவித்தார். அவருடைய சொந்தச் சபை, அவருடைய சொந்த வாயால், அவருடைய ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டது. மழையும் அப்போதுதான் கொட்டியது. நான் யாருக்கும் காத்திருக்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். குசினிக்குள் போய் ஒரு தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினேன். அது முடிந்ததும் இன்னொன்று. யாருக்கும் தேவையில்லாத அளவுக்குத் தேங்காய்ப்பூ குவிந்தது.

அப்பா வந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, அம்மாவிடம், மாஸ்டரின் அக்காவுக்கு ஓம் என்று சொல்லி அனுப்பச் சொன்னார். அம்மா வாயைப் பிளந்தார்.

"பெண்ணும் வேணும், என்ர தயவும் வேணும். அதுக்குச் சும்மா இருந்தாலே காணும். அப்படியிருந்தும் அவன் கையைத் தூக்கினவன்," என்றார் அப்பா. "அந்தக் கையில பிள்ளையைக் குடுத்திட்டு நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்."

"நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ, அப்பா," என்றேன் குசினிக்குள் இருந்து. "நான் அவரைக் கட்டமாட்டன்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் சூடு ஏறுகிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொன்னார். எனக்குப் புத்தி நன்றாகவே வேலை செய்தது. மீன்பிடிகாரருக்கு எந்தச் சட்டம் ஞாயிறு லீவு கொடுத்தது? அப்பாவோ இளைப்பாறியவர். அந்த வளவில் இந்த மசோதா நேரே வந்து விழப்போவது இரண்டே இரண்டு தலையில்தான், மாஸ்டரின் தலையிலும் என் தலையிலும். மாஸ்டருக்குத் தூக்க ஒரு கை இருந்தது. எனக்குக் கலரிதான் இருந்தது. சரி, ஞாயிறுதான் போகட்டும். என் கலியாணத்துக்கும் அப்பா ஒரு முறை இல்லையென்றார், ஒரு முறை ஓம் என்றார். மாஸ்டர் தன் மனச்சாட்சியோடு கதைத்தார். இரண்டு பேரும் என்னோடு கதைக்கவில்லை.

கொழும்பிலும் மசோதா நிறைவேறியது. மாஸ்டரின் அக்கா இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நான் முகம் கொடுக்கவில்லை. மார்கழியில் நத்தார்ப் பாட்டுப் பயிற்சிக்குப் போனேன், ஆனால் எல்லாப் பாட்டையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். மாஸ்டர் புத்தகத்தைத் தனியே பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கப் பாதி சும்மா விரிந்து கிடந்தது. நான் கோபமாக இருக்கும்போதும் அவர் குரல் நன்றாக இருந்தது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

வருடம் பிறந்தது. வேலை நாளான முதல் ஞாயிறு வந்தது. கந்தோர் நேரத்துக்கு முன் முடிய வேண்டுமென்று சுவாமி விடியற்பூசை வைத்தார். அப்படி ஒரு பூசையை நான் கண்டதில்லை. ஆண்கள் காற்சட்டையோடும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடும் முழங்காலில் நின்றார்கள். பிரசங்கம் தொடங்க முன்பே முடிந்தது. கடைசி ஆசீர்வாதத்தோடு சனம் கதவால் பிதுங்கிக்கொண்டு ஓடியது. யாரோ ஒருவரின் குடையை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே அமளி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பரபரப்பும் தொற்றியது. நானும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

வளவைக் கடக்கும்போது பார்த்தேன். அப்பா பாலை மரத்தடியில் கதிரையைப் போட்டுத் தனியே இருந்தார். பூசைக்கு வந்த உறுப்பினர்களும் சனத்தோடு ஓடிவிட்டார்கள், இரண்டு வாங்கும் வெறுமை. கண்ணாடிக் கூடு மடியில். யாராவது வருவார்கள் என்று அவர் நம்புவது முகத்தில் தெரிந்தது. என் கால் பஸ் பக்கம் போகவில்லை. நேரே போய் வாங்கில், உறுப்பினர்கள் இருக்கிற வாங்கில், கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். அப்போது கோயிலுக்குள்ளிருந்து மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. ஞாயிற்றை எடுக்கக் கை தூக்கியவருக்கு ஓய்வு, எனக்கு வேலை. குதிரை தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். அவர் தயங்கி நின்றுவிட்டு எதிர் வாங்கில் இருந்தார். இன்றைக்குச் சபைக்கு அலுவல் ஒன்றும் இல்லை என்று அப்பா மெதுவாகச் சொன்னார். நான் எழுந்து நின்றேன்.

"எனக்கு ஒரு பிரேரணை இருக்கு," என்றேன். "என்ர ஞாயித்துக்கிழமையை இந்த மரத்துக்குக் கீழ எடுத்தனீங்கள். என்ர கலியாணத்தையும் இதுக்குக் கீழதான் முடிவாக்கினனீங்கள். ரெண்டுக்கும் என்னை ஒருதரும் கேக்கேல்லை. இனி என்னைப் பற்றின எந்த அலுவலும் என்னைக் கேக்காமல் எடுக்கக் கூடாது."

இவ்வளவு காலமும் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. எழுந்து நின்று கதைப்பது இப்படித்தான் இருக்குமா என்று ஆச்சரியப்பட்டேன். அப்பா கண்ணாடிக் கூட்டால் கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சபாநாயகர் குரலில், பிரேரணையை யாராவது ஆதரிக்கிறீர்களா என்று கேட்டார். மாஸ்டர் எழுந்தார்.

"நான் ஆதரிக்கிறன், ஐயா. முதல்லயே கேட்டிருக்கவேணும்," என்றார். பிறகு அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "இப்ப கேக்கிறன். என்னைக் கட்ட உங்களுக்குச் சம்மதமோ?"

பூசை முடிந்த வளவு. அப்பா முன்னால் இருக்கிறார். பட்டப்பகலில் ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் இப்படி நேரே கேட்டதை எங்கள் பங்கில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நான் அவரைக் கொஞ்சம் காக்க வைத்தேன். இவ்வளவு நாளும் நான் காத்திருந்ததற்கு அந்தக் கொஞ்சம் போதாது. ஆனால் பஸ் வருகிற சத்தம் கேட்டது.

"ஓம்," என்றேன். "ஆனா உங்கட வாக்கு மாதிரி என்ர வாக்கையும் எண்ணவேணும். இண்டைக்கு மட்டுமில்லை."

"ஓம்," என்றார் அவரும். பாப்பம் என்று சொல்லவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் பாதித் தூரம் நடந்தேன், மீதியை ஓடினேன். உள்துறைமுகத்துப் பக்கம் தண்ணீர் இரவு மழைக்குப் பிறகு பளபளத்தது. என்னைப் பார்த்து வேலைக்குப் போகிற சனமெல்லாம் விலகி வழிவிட்டது.

கந்தோரில் எங்கள் பிரதம இலிகிதர், வயதான சைவர், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்த எரிச்சலோடு மேசையில் இருந்தார். ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்டார்.

"கலியாணம் பேசிப்போட்டு வாறன், ஐயா," என்றேன்.

"ஆருக்கு?"

"எனக்கு."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஆர் பேசினது?"

"நான்தான்," என்றேன்.